கலப்புக்கு எந்த மாடி?

அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிற யாரும் குடிப்பதில்லை. இது வதந்தி அல்ல. வாசலிலேயே பலகை வைத்திருந்தார்கள். 'கடந்த ஆண்டு இங்கு சிகிச்சை பெற்றோரில் மது அருந்துவோர்: பூஜ்யம்.' எழுத்தெல்லாம் நீலம், பூஜ்யம் மட்டும் தங்க நிறம். 'கடந்த ஆண்டு' என்று பொதுவாக எழுதியிருந்ததால் வருடா வருடம் மாற்றி எழுதுகிற வேலையும் மிச்சம். எதிரே மதுக்கடை வைத்திருந்தவர் மட்டும், தன்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சட்டைப் பையில் ஆஸ்பத்திரிச் சீட்டோடுதான் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் புள்ளிவிவரம் படித்தவர் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ரசமட்டம் அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே போனார்.

ரசமட்டம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வீடுகளுக்குத் தரைக்கல் பதிப்பது அவர் தொழில். தரை சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கிற, நடுவில் குமிழி ஓடுகிற ரசமட்டக் கட்டை எந்நேரமும் அவர் கக்கத்தில் இருக்கும். பேச்சும் அப்படியே, உண்மையிலிருந்து ஒரு நூல் சாய்ந்தாலும் வாயைவிட்டு வராது. வீட்டுக்காரம்மா ஆசை ஆசையாக, "தரை அழகா இருக்கில்ல?" என்று கேட்டால், "கல்லு சுமார்தாங்க, பதிச்ச வேலை நல்லா இருக்கு" என்பார். அதனால் ஒரு தடவை கூப்பிட்டவர்கள் அவரை இரண்டாவது தடவை கூப்பிட்டதில்லை.

இருபத்திரண்டு வருடம் குந்தி உட்கார்ந்ததில் இடுப்பு போனது நிஜம். ஆனால் அன்றைக்கு அவர் வந்தது இடுப்புக்காக இல்லை, மச்சானுக்காக. மனைவியின் தம்பி. சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன். அண்ணாந்து அண்ணாந்து அடித்துத் தோள் பிடித்துக்கொள்ள, மூன்று வாரம் முன்பு இதே ஆஸ்பத்திரியில் வலி மாத்திரை வாங்கினான். அன்று முதல் தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு, ரசமட்டம் கல்லும் சிமெண்டும் போட்டுவைக்கிற கொட்டகையில் உட்கார்ந்து, இரண்டு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீருக்குப் பதிலாகச் சரக்கை ஊற்றி விழுங்கினான். "மாத்திரை தோளுக்கு, சரக்கு மனசுக்கு மாமா. ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன சண்டை?" என்று விளக்கம் வேறு. மூன்று நாளாக நெஞ்சுக்குக் கீழே எரிகிறது என்றான். எரிகிறதே என்று இன்னொரு மாத்திரை சேர்த்துப் போட்டான். அன்று காலை பார்த்தபோது முகம் பிரைமர் அடித்த சுவர் மாதிரி வெளிறியிருந்தது.

"டாக்டர்கிட்ட வாடா" என்று கூப்பிட்டுப் பார்த்தார்.

"மூணு வாரம் முன்னாடிதானே போனேன். அந்த டாக்டர் ஒண்ணும் சொல்லலியே?"

"ரெண்டும் சேர்ந்தா ஆகாதுன்னு தோணுதுடா."

"உங்களுக்குத் தோணினா போதுமா? நீங்க என்ன டாக்டரா? ஒரு டாக்டர் வாயால 'கூடாது'ன்னு கேட்டுட்டு வாங்க, இன்னிக்கே நிறுத்துறேன். சத்தியம். இல்லேன்னா ஆறு மணிக்கு என் கையைப் பிடிக்கக் கூடாது. அப்புறம் மாமா, அக்காவுக்குத் தெரியக் கூடாது. நான் தொட்டதே இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருக்கு. தெரிஞ்சா உயிரை விட்டுரும்."

ஆகவே மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ரசமட்டம் கிளம்பினார். ஒரு கேள்வி, ஒரு டாக்டர், ஒரு வரிப் பதில். பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழக்கமில்லாதவர்.

பதிவுக் கவுண்ட்டரில் கண்ணாடி. கண்ணாடியில் ஓட்டை. முதுகுவலிக்காரர்கள் முதுகை இரண்டாக மடித்தால்தான் வாய் எட்டும் என்கிற உயரத்தில் அந்த ஓட்டை. ரசமட்டம் மடிந்தார். உள்ளே இருந்த எழுத்தர் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே எழுதினார். பத்தாவது கேள்வி வந்ததும் பதினொன்றுக்குத் தாமே டிக் அடித்துவிட்டுப் பன்னிரண்டுக்குப் போனார்.

"பதினொண்ணு கேக்கலீங்களே?"

"அது 'இல்லை'தான்."

"எது இல்லைங்க?"

"மதுப் பழக்கம்."

"இருக்குதுங்களே."

பேனா நின்றது. எழுத்தர் முதல்முறையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"சனிக்கிழமை சனிக்கிழமை ரெண்டு கிளாஸ்" என்றார் ரசமட்டம். "வீட்ல தெரியும்."

"யோவ், மெதுவாப் பேசுய்யா!" எழுத்தர் ஓட்டைக்கு அருகே வாயைக் கொண்டுவந்தார். "வரிசையில பெரிய மனுஷங்கல்லாம் நிக்கிறாங்க."

வரிசையில் அடுத்து நின்றவர், "ச்சே, காலங்காத்தால!" என்று முகத்தைச் சுளித்து இரண்டடி பின்வாங்கினார். அவர் பின்வாங்கிய பிறகுதான் ரசமட்டத்தால் மூச்சு விட முடிந்தது, அவ்வளவு வாடை.

"இதப் பாருங்க" எழுத்தர் குரலைத் தணித்து, ஒரு நல்ல மனிதராகப் பேசினார். "'ஆம்'னு போட்டா உங்களுக்கு வலி மாத்திரை கிடையாது. மூணாம் மாடியில மறுவாழ்வுச் சான்று வாங்கணும். ஆறு வாரம் ஆகும். ஆறு வாரம் வலியோட யாரு உக்காருவா? அதனால எல்லாரும் 'இல்லை'. நானும் கேக்கறதில்ல, அவங்களும் சொல்றதில்ல. மரியாதையா ஓடிக்கிட்டிருக்கு."

"அப்போ குடிக்கிறவனுக்கு, மாத்திரையோட சேத்துக் குடிக்காதேன்னு யாருதான் சொல்லுவாங்க?"

"அதுக்குத் தனியா எச்சரிக்கைத் தாள் அச்சடிச்சு வெச்சிருக்கோமே. படம் போட்டு, கலர்ல. 'ஆம்' சொல்றவங்களுக்கு மட்டும்."

"எத்தன பேருக்குக் குடுத்தீங்க?"

"யாரு 'ஆம்' சொன்னா குடுக்கறதுக்கு? கட்டு பிரிக்காம அப்படியே இருக்கு" என்றார் எழுத்தர், கொஞ்சம் பெருமையாகவே.

"எனக்கு ஒண்ணு குடுத்துடுங்க. போயிடறேன்."

"கட்டைப் பிரிச்சா வாங்கினவங்க பேரு எழுதணும். பேரு எழுதினா வாசப் பலகையில பூஜ்யம் ஒண்ணாயிடும். உங்க ஒருத்தருக்காகப் பலகையை மாத்தச் சொல்றீங்களா? தங்க பெயின்ட்டுய்யா அது."

ரசமட்டத்துக்கு ஒரு 'இல்லை' சொல்லிவிட்டுப் போகத்தான் ஆசை. இடுப்பும் அதையேதான் சொன்னது. வாயைத் திறந்தார். "ரெண்டு கிளாஸ்" என்றுதான் வந்தது.

எழுத்தர் பெருமூச்சு விட்டு, பதினொன்றை 'ஆம்' என்று திருத்தி, மேசையின் அடி இழுப்பறையிலிருந்து மூன்றாம் மாடிக்கு அனுப்புகிற ஒரு சிவப்புத் தாளை எடுத்துத் தூசியை ஊதினார்.

மூன்றாம் மாடி. மது மறுவாழ்வுப் பிரிவின் கதவைத் தட்டியதும் உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது. ஆலோசகர் தூக்கத்தில் கன்னத்தில் பதிந்த கைக்கடிகாரத் தழும்போடு கதவைத் திறந்தார். நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. சிவப்புத் தாளைப் பார்த்தவர் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"நிஜமாவே குடிக்கிறவரா? வாங்க, வாங்க! உக்காருங்க! இந்த நாற்காலி வாங்கி நாலு வருஷம் ஆச்சு சார், இன்னும் ஒரு ஆள் உக்காரல." பக்கத்து அறைக்குக் குரல் கொடுத்தார். "சிஸ்டர்! ஒருத்தர் வந்திருக்காரு, வந்து பாருங்க!" ஒரு நர்ஸ் வந்து எட்டிப் பார்த்து, "நல்லவர் மாதிரிதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"சார், எனக்கு ஒரே ஒரு கேள்வி..."

"முதல்ல என்னோட கேள்வி. சின்ன வயசுல ஏதாவது பெரிய துயரம்?"

"இல்லீங்க."

"அப்பா அடிப்பாரா?"

"அம்மாதான் அடிக்கும். தப்புப் பண்ணினா."

"காதல் தோல்வி?"

"காதலிச்ச பொண்ணையேதான் கட்டினேன்."

ஆலோசகர் முகம் வாடியது. "எதுக்குத்தான் குடிக்கிறீங்க?"

"சனிக்கிழமை இல்லீங்களா."

"அப்படியெல்லாம் சொன்னா எப்படி சார்? கொஞ்சம் கண் கலங்கினா நல்லா இருக்கும். படிவத்துல அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கு, இதுவரைக்கும் ஒருத்தரும் நிரப்பினதில்ல."

ரசமட்டம் மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "இதைப் போட்டுக்கிட்டுக் குடிக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லிடுங்க, வேணும்னா அப்புறம் அழறேன்."

பல்லியைப் பார்த்தவர் போல ஆலோசகர் நாற்காலியோடு பின்னுக்குப் போனார். "இது மாத்திரை சார்! நான் மது. மாத்திரை வலி நிவாரணப் பிரிவு, முதல் மாடி. நான் இதைப் பத்தி வாயைத் திறந்தா அவங்க எல்லைக்குள்ள நுழைஞ்சதாயிடும். போன வருஷம் ஒரு தலைவலித் தைலம் பத்திப் பேசினதுக்கே விளக்கம் கேட்டுட்டாங்க."

முதல் மாடியில் மூத்த டாக்டர். வெள்ளைத் தலை, கனிவான குரல். சுவரில் சிரித்த முகம் முதல் அழுத முகம் வரை பத்து வட்டங்கள்; வலி எவ்வளவு என்று தொட்டுக் காட்ட வேண்டும். ரசமட்டம் ஏழாவதைத் தொட்டார். வரிசையில் நின்ற நேரத்துக்காக எட்டாவதையும் தொட்டார். பிறகு அட்டையைக் காட்டினார்.

"நல்ல மாத்திரை. சாப்பிட்ட பிறகு போடணும். தோள், முழங்கால், இடுப்பு எல்லாத்துக்கும் கேக்கும்."

"குடிச்சுட்டுப் போட்டா டாக்டர்?"

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "மது மூணாம் மாடி."

"மூணாம் மாடி, முதல் மாடிங்குது."

"அவரு சொல்றது சரி. நான் சொல்றதும் சரி. மாத்திரையைப் பத்தி நான் சொல்லலாம். மதுவைப் பத்தி அவரு சொல்லலாம். ரெண்டும் சேர்றது வந்து... கலப்பு."

"அது எந்த மாடிங்க?"

"கலப்புக் கூட்டுக் குழுன்னு ஒண்ணு போட்டு எட்டு வருஷமாச்சு. முதல் மாடியில கூடுறதா, மூணாம் மாடியில கூடுறதான்னு தகராறு. கடைசியில பொதுவா ரெண்டாம் மாடின்னு முடிவாச்சு. ரெண்டாம் மாடியில சலவைக்கூடம். போர்வை காயற நேரத்துல அங்க கூட்டம் போடக் கூடாதுன்னுட்டாங்க; எந்நேரமும் ஏதாவது போர்வை காஞ்சுக்கிட்டேதான் இருக்கு."

"டாக்டர், நீங்களும் அவரும் சேர மாட்டீங்க, சரி. சரக்கும் மாத்திரையும் ஒரே வயித்துக்குள்ளதானே டாக்டர் சேருது?"

"வயிறு நாலாம் மாடி" என்றார் டாக்டர். பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போலும், குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. நல்லாத் தெரியும். முப்பது வருஷமாத் தெரியும். சொல்ற அதிகாரம்தான் இல்ல."

அந்த நேரத்தில் மனைவியிடமிருந்து போன் வந்தது. மணி பன்னிரண்டேகால்.

"என்னங்க, எங்க இருக்கீங்க? தம்பி இங்க வந்து படுத்திருக்கான். ரெண்டு தடவ வாந்தி. என்னத்தைத் தின்னான்னு தெரியல, கறுப்பா வருது. கேட்டா, ஒண்ணுமில்லக்கா, வெயிலுங்கறான்."

ரசமட்டம் எழுந்துவிட்டார். "உடனே வண்டி வெச்சு இங்க கூட்டிட்டு வா."

"வரமாட்டேங்கறானே. மாமா பதில் கொண்டு வருவாரு, அதுவரைக்கும் படுத்திருக்கேங்கறான். என்ன பதிலுங்க?"

"தூக்கிப் போட்டுக்கிட்டு வாடி!" என்று கத்தினார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர் அப்படிக் கத்தியதில்லை. காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்துக்குச் சுவரில் இருந்த பத்தாவது முகம்கூடக் கொஞ்சம் பரவாயில்லை போலிருந்தது.

நாலாம் மாடிக்கு ஓடலாம் என்று படியில் கால் வைத்தபோது, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் மூச்சிரைக்க எதிரே வந்தார். புள்ளிவிவர அதிகாரி.

"பதினொண்ணாம் கேள்விக்கு 'ஆம்' சொன்னது நீங்கதானே? உங்களைக் கட்டடம் பூராத் தேடுறேன். கம்ப்யூட்டர்ல ஒண்ணு வந்து நிக்குது. வாங்க, பேசித் தீர்த்துக்கலாம்."

"என் மச்சான்..."

"ஒரு நிமிஷம். வாரத்துக்கு எத்தன கிளாஸ்? ரெண்டு. அதை ஏழால வகுங்க. ஒரு நாளைக்குப் பூஜ்யம் புள்ளி ரெண்டு எட்டு. முழு எண்ணாக்கினா?" கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார். "பூஜ்யம்! கணக்குப்படி நீங்க குடிக்காதவரு. வாழ்த்துகள்."

"நான் கிளாஸ்ல குடிக்கிறேங்க, புள்ளியில குடிக்கல."

"அது உங்க தனிப்பட்ட கருத்து" என்றார் அதிகாரி. "வாங்க, கண்காணிப்பாளர் பேசப் போறாரு. அரங்கத்துல நாற்காலி காலியா இருக்கு. டாக்டரு எல்லாரும் அங்கதான் இருக்காங்க, நாலாம் மாடி டாக்டரும்."

கடைசி வாக்கியம் வேலை செய்தது. ரசமட்டம் போனார்.

அரங்கத்தில் விழிப்புணர்வு வாரத் தொடக்க விழா. நர்சிங் மாணவிகள், படுக்கையிலிருந்து பாதியில் எழுப்பி அழைத்துவரப்பட்ட நோயாளிகள், குளுக்கோஸ் பாட்டிலைத் தாமே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவர். டாக்டர்கள் முதல் வரிசையில் கண்ணை மூடி ஆழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேடையில் கண்காணிப்பாளர் முழங்கினார்:

"மதுவின் தீமைகளைக் குறித்து இம்மேடையில் நான் பதினாறு ஆண்டுகளாக உரையாற்றி வருகிறேன். இதுநாள்வரை ஒருவர்கூட எழுந்து ஒரு சந்தேகம் கேட்டதில்லை. அத்துணைத் தெளிவாக விளக்கியிருக்கிறோம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சென்ற ஆண்டு நாற்பதாயிரம் வலி நிவாரண மாத்திரைகள் வழங்கினோம். ஒரு குடிகாரர்கூட அவற்றை வாங்கவில்லை. ஏனெனில் குடிப்பீர்களா என்று நாங்கள் கேட்கிறோம்! கேட்ட மாத்திரத்திலேயே அவர்கள் திருந்திவிடுகிறார்கள்! எங்கள் படிவத்தின் பதினோராம் கேள்வி மருந்தினும் வலிமையானது!"

கைதட்டல். குளுக்கோஸ் பெரியவர் தட்ட முடியாமல் தலையை ஆட்டினார்.

ரசமட்டம் எழுந்தார். "ஐயா, ஒரு கேள்வி."

அரங்கம் திடுக்கிட்டது. முதல் வரிசை விழித்துக்கொண்டது.

"கேள்வி நேரம் நிகழ்ச்சி நிரலில் இல்லை" என்றார் தொகுப்பாளர்.

"நிரல்ல இல்லாட்டியும் பரவால்லீங்க. வலி மாத்திரையைச் சரக்கோட போட்டா என்ன ஆகும்? இங்க இருபது டாக்டர் இருக்கீங்க. யாராவது ஒருத்தர். ஒரே வரி. ஆள் அங்க கறுப்பா வாந்தி எடுத்துக்கிட்டிருக்கான்!"

இருபது பேரும் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்கள். நாலாம் மாடி டாக்டர் எழுந்திருக்கப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் கோட்டைப் பிடித்து உட்கார வைத்தார். கண்காணிப்பாளர் மைக்கைச் சற்றே நகர்த்தி, புன்னகையோடு சொன்னார்: "இத்தகைய ஆர்வம் வரவேற்கத்தக்கது. கலப்புக் கூட்டுக் குழுவின் முதல் கூட்டம் நடைபெற்றதும் தங்களுக்குக் கடிதம் வாயிலாகத் தெரிவிக்கப்படும். இப்போது உறுதிமொழி. அனைவரும் எழுந்து நிற்கவும்."

அனைவரும் எழுந்து நின்றார்கள். உறுதிமொழி ஐந்து நிமிடம் நடந்தது. அதற்குள் ரசமட்டம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடிவிட்டார். கீழே வாசலில் ஆட்டோவின் ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

மனைவி ஒரு பக்கமும் ஆட்டோக்காரர் ஒரு பக்கமுமாக மச்சானைத் தாங்கி இறக்கினார்கள். சட்டை முன்பக்கமெல்லாம் கறுப்புக் கறை. காப்பித்தூளைக் கரைத்து ஊற்றியது மாதிரி. நெற்றி வியர்த்துக் கை சில்லென்றிருந்தது.

அவசரப் பிரிவு வாசலில் கோப்பு பார்க்கிறவர், பழைய சீட்டின் எண்ணைத் தட்டித் திரையைப் படித்தார். "மதுப் பழக்கம்: இல்லை. அப்போ வாயுத் தொல்லை. 'இல்லை'ன்னா வாயு வரிசை, 'ஆம்'னா ரத்தக்கசிவு வரிசை. அந்த ஓரமா உக்கார வைங்க, முன்னாடி பதினாலு பேரு இருக்காங்க."

"அவன் குடிப்பாங்க!" என்றார் ரசமட்டம். "மூணு வாரமா, தினம். இந்த மாத்திரையோட." அட்டையை நீட்டினார்.

மனைவி அவரைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னா ஆகாது. பதிவுல 'இல்லை'ன்னு இருக்கு. பதிவைத் திருத்தணும்னா நோயாளி தன் கைப்பட விண்ணப்பம் எழுதணும்."

"அவனால பேனா பிடிக்க முடியுமா, பாருங்க!"

"பெருவிரல் ரேகை வெக்கலாம். அதுக்கு மை பதிவுக் கவுண்ட்டர்ல இருக்கு."

ரசமட்டம் தன் வாழ்நாளில் கெட்ட வார்த்தை என்று சேர்த்துவைத்திருந்தது மொத்தம் நான்கு. நான்கையும் அங்கேயே செலவழித்தார். அந்தச் சத்தத்தில்தான் உள்ளே திரைக்குப் பின்னால் யாருக்கோ தையல் போட்டுக்கொண்டிருந்த பணி டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயசுப் பெண். விழாவுக்கு வரச்சொன்னபோது, "அடிபட்டவங்களையும் வந்து கைதட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்டு ஏற்கெனவே கெட்ட பெயர் வாங்கியிருந்தவர். மச்சானின் சட்டையைப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். முகம் மாறியது.

"ஸ்ட்ரெச்சர்! வயித்துல என்ன மாத்திரை போயிருக்கு?"

ரசமட்டம் அட்டையைக் கொடுத்தார்.

டாக்டர் மச்சானின் கன்னத்தைத் தட்டினார். "இங்க பாரு. என்னைப் பாரு. இதோட குடிச்சியா?"

மச்சானின் கண் டாக்டரைத் தாண்டி அக்காவிடம் போனது. உதடு வெளுத்து ஒட்டிக்கிடந்தது. "பழக்கமில்லீங்க டாக்டர்" என்றான்.

ரசமட்டத்துக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது. காலையிலிருந்து ஒரு கட்டடம் முழுக்க அவரை 'இல்லை' சொல்லச் சொல்லிக் கெஞ்சியது. கடைசியில் சாகப்போகிற நேரத்தில் இவனும் அதையே சொல்கிறான்.

"டேய்" என்றாள் அக்கா. ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "எட்டு வருஷமா எனக்குத் தெரியும்டா. உன் சட்டையைத் துவைக்கிறது யாரு? நாடகத்தை விட்டுட்டு டாக்டர் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. அவங்களுக்கு வேலை இருக்கு."

மச்சான் கண்ணை மூடினான். ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. "குடிச்சேங்க. அரைப் பாட்டில். தினம். மாத்திரை முதல்ல ரெண்டு, அப்புறம் மூணு, நேத்து நாலு."

"கடைசியா எப்போ?"

"காலையில... மாமா கிளம்பினதுக்கப்புறம். பயத்துல."

"அவ்வளவுதான் எனக்கு வேணும்." டாக்டர் திரும்பினார். "ரத்தம் ரெண்டு பாட்டில் ஏற்பாடு பண்ணுங்க. வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாக்கணும், நாலாம் மாடி டாக்டரை வரச்சொல்லுங்க. உறுதிமொழி எடுத்துக்கிட்டிருந்தா பாதியில நிறுத்திட்டு வரச்சொல்லுங்க."

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. ரசமட்டம் கூடவே நொண்டினார். "டாக்டர், ஒரே ஒரு..."

"கேளுங்க, நடந்துக்கிட்டே."

"மாத்திரையும் சரக்கும் சேர்ந்தா என்னங்க ஆகும்?"

"இந்த வகை மாத்திரை வயித்தோட உள்தோலை அரிக்கும். சரக்கும் அதையே அரிக்கும். ரெண்டும் சேர்ந்தா புண்ணாகி ரத்தம் கசியும். கறுப்பா வாந்தி வந்தாலும், மலம் தார் மாதிரி போனாலும், அது ரத்தம். காய்ச்சலுக்குப் போடற மாத்திரையோட நிறையக் குடிச்சா ஈரல் கெடும். ஆபரேஷனுக்கெல்லாம் குடுக்கற பலமான வலி மாத்திரையோட குடிச்சா, தூக்கத்துலயே மூச்சு நின்னு போகும். குடிக்கிறவங்க எந்த மாத்திரையா இருந்தாலும் குடிக்கிறேன்னு சொல்லிட்டுத்தான் வாங்கணும். போதுமா?"

கதவு மூடிக்கொண்டது. சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. நடைபாதைக் கடிகாரத்தில் மணி இரண்டு. ரசமட்டம் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உன் தம்பி குடிக்கிறது தெரிஞ்சும் எட்டு வருஷம் ஏன் கேக்கல?"

"கேட்டா 'இல்லை'ம்பான்" என்றாள். "பொய் சொல்ல வைக்கறதுக்கு எதுக்குக் கேக்கணும்?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே கேப்பேன்."

மச்சான் பிழைத்தான். வயிற்றில் இரண்டு புண், ஒன்றில் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்ததாம். ஆறு மணி வரை காத்திருந்தால் ஆள் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். கஞ்சித் தண்ணீர் மட்டும். அக்கா கரண்டியால் ஊட்டினாள். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு திட்டு.

அன்று மதியம் பணி டாக்டர் நாடி பார்க்க வந்தபோது, பின்னாலேயே அலுவலக உதவியாளர் ஒருவர் உறையோடு வந்தார். மெமோ. டாக்டர் அங்கேயே நின்று பிரித்துப் படித்தார். ரசமட்டமும் எட்டிப் பார்த்தார். கலப்புக் கூட்டுக் குழுவின் ஒப்புதலின்றி, கலப்பு தொடர்பான கருத்துகளைப் பொது நடைபாதையில், நோயாளியின் உறவினரிடம், நடந்துகொண்டே வெளியிட்டது ஏன் என்று விளக்கம் கோரியிருந்தார்கள். விளக்கம் எழுத இரண்டு பக்கம் கோடு போட்டு விட்டிருந்தார்கள். தேவைப்பட்டால் கூடுதல் தாள் இணைக்கலாம்.

"என்னால உங்களுக்குக் கஷ்டம்" என்றார் ரசமட்டம்.

"பேனா இருக்கா?"

தரைக்கல்லில் குறி போடுகிற தடிப் பென்சில்தான் இருந்தது. டாக்டர் அதை வாங்கி, மச்சானின் கட்டில் விளிம்பில் தாளை வைத்து, முதல் கோட்டில் எழுதினார்: 'கேட்டார். சொன்னேன்.' மிச்சக் கோடுகளை அப்படியே விட்டு மடித்து உதவியாளரிடம் நீட்டினார்.

"கூடுதல் தாள் வேணாங்களா மேடம்?" என்றார் உதவியாளர்.

"வேணாம்."

உதவியாளர் போகவில்லை. கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். உறையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார். "மேடம்... நமக்குத் தெரிஞ்ச ஒருத்தரு இருக்காரு. அவருக்கு முழங்கால் வலி. சாயங்காலம் கொஞ்சம்..."

பக்கத்துக் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவர் தலையணையிலிருந்து எழும்பினார். கட்டில் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் பதினோராம் கேள்விக்கு நேரே அழகாக 'இல்லை' என்று டிக் அடித்திருந்தது.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுப்பா" என்றார் அவர். "நான் தெரிஞ்சவருக்காகக் கேக்கல. டாக்டரம்மா, எனக்காகத்தான் கேக்கறேன்."

டாக்டர் ஸ்டூலை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க. எவ்வளவு?"